ரயில் ஓட்டுநர்களின் மனக்காயத்துக்குச் சிகிச்சை உண்டு: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அவர்களுக்கும், முதன்மைத் தலைமை மருத்துவ இயக்குநர் அவர்களுக்கும், ஆறு கோட்டங்களின் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

தண்டவாளத்தில் மனிதர்கள் அடிபட்டு இறப்பதை நேருக்கு நேர் பார்க்க நேரும் லோகோ பைலட்டுகளுக்கும் உதவி லோகோ பைலட்டுகளுக்கும் ஏற்படும் மனக்காயத்துக்கு, உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கும் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதைத் தங்கள் மருத்துவமனைகளில், அவர்களுடைய வேலைக்கு எந்தப் பங்கமும் வராத வகையில், கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். நான் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர். விபத்து, வன்முறை, பேரிடர் ஆகியவற்றால் மனம் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது என் அன்றாட வேலை. அவர்களுள் ரயில் ஓட்டுகிறவர்களும் உண்டு. கண் அசைவுச் சிகிச்சை என்று பொதுவாக அழைக்கப்படும் இ.எம்.டி.ஆர். முறையைப் பற்றியே இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். அதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் ஒரே நேரத்தில் உலவுகின்றன: விரலை ஆட்டிக் காட்டும் வித்தை என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; ஒரே நாளில் எதையும் மறக்கச் செய்யும் அற்புதம் என்று சிலர் விற்கிறார்கள். இரண்டுமே நோயாளிக்குக் கேடு செய்பவை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ரயில் தொடர்பான விபத்துகளில் 16,431 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வண்டியிலிருந்து விழுந்ததாலோ தண்டவாளத்தில் இருந்தவர்கள் மீது வண்டி மோதியதாலோ நேர்ந்தவை. பாதையைக் கடக்கும்போது அடிபட்டவர்கள் இதில் உண்டு; சாவதற்கென்றே வந்து நிற்பவர்கள் வேறு. இத்தகைய மோதல்களில் பெரும்பாலானவற்றின் போது என்ஜினின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. எமர்ஜென்சி பிரேக்கைப் போட்ட பின்னும் அது நிற்பதற்குப் பல நூறு மீட்டர் ஆகும்; சரிவையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் பொறுத்து அது ஒரு கிலோமீட்டரையும் தொடும். ஆகவே 150 மீட்டர் தொலைவில் ஒருவரைக் கண்ட ஓட்டுநருக்கு, பிரேக்கைப் போடவும் ஹார்னை அழுத்தவும் முடியுமே தவிர, வண்டியை நிறுத்த முடியாது. எஞ்சிய ஐந்து நொடியும் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டி நின்ற பிறகு தகவல் சொல்லி, மெமோ எழுதி, பின்னால் வரும் வண்டிகளுக்கு வழிவிடுவதற்காகப் பல நேரங்களில் அதே கைகளே மீண்டும் வண்டியை எடுத்துச் செல்கின்றன.

என்னிடம் வந்த ஒரு மெயில் லோகோ பைலட்டின் அனுபவத்தை, அவருடைய ஒப்புதலோடும் அடையாளங்களை மாற்றியும் சொல்கிறேன். அதிகாலையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் தம் செருப்பைக் கழற்றித் தண்டவாளத்துக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டு, வண்டியைப் பார்த்தபடி நடுவில் வந்து நின்றாராம். ஓட்டுநரின் நினைவில் நின்றுபோனவை அந்த முகம், செருப்பு, அருகிலிருந்த மின்கம்பத்தின் எண் ஆகிய மூன்றுமே. பல மாதங்களுக்குப் பிறகும் அந்தக் கம்பத்தை நெருங்கும்போது, பாதை வெறுமையாகக் கிடந்தாலும், அவர் கை தானாக ஹார்னுக்குப் போகும். வீட்டில் யாராவது வாசலில் செருப்பை ஒழுங்காக விட்டுச் சென்றிருந்தால் காலால் கலைத்துவிடுவார். அவர் மனைவி அதைக் கோபம் என்றே நினைத்திருந்தார். ரன்னிங் ரூமில், அதாவது வெளியூரில் ஓட்டுநர்கள் தங்கும் ஓய்வறையில், மற்றவர்கள் உறங்கும்போது இவர் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “ஒரு நொடி முன்னால பிரேக் போட்டிருந்தா அந்த ஆள் பிழைச்சிருப்பாரு” என்பது அவர் நெஞ்சில் தைத்த முள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இத்தகைய நிகழ்வைச் சந்தித்த அனைவருக்கும் இப்படி நேர்வதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் சில வாரங்கள் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிறகு தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலாகியும் காட்சி வலிய வந்து நிற்பது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, எப்போதும் விறைத்த உடம்போடு இருப்பது, தன்னையே குற்றவாளியாகக் கருதுவது ஆகியவை நீங்காமல் வேலையையும் வீட்டையும் பாதிக்கும்போதுதான் மருத்துவம் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., என்கிறது. ஒரே ஓட்டுநர் தம் பணிக்காலத்தில் இத்தகைய மரணங்களை மீண்டும் மீண்டும் பார்க்க நேர்வது இந்த வேலையின் தனிக் கொடுமை. முதலாவதைத் தாங்கியவர் நான்காவதில் உடைந்துபோவதுண்டு. ‘பழகிவிட்டது’ என்று அவர் சொல்வதை நம்பி நாம் விட்டுவிடக் கூடாது.

இனி, சிகிச்சைக்கு வருகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிரான்சின் ஷாபிரோ என்ற உளவியலாளர் 1987-இல், மனத்தை உறுத்தும் நினைவு ஒன்று தோன்றும்போது கண்கள் இருபுறமும் விரைந்து அசைந்தால் அதன் உறுத்தல் குறைவதைத் தம்மிடமே கவனித்தார். அதை ஒரு முறையாக வகுத்து, 22 பேரிடம் செய்த முதல் ஆய்வை 1989-இல் வெளியிட்டார். அந்த முதல் ஆய்வு ஒரே அமர்வில் கிடைத்த பலனைப் பற்றியது என்பதால் அறிவியல் உலகில் ஐயமும் கிளம்பியது, வீண் ஆரவாரமும் கிளம்பியது. பிறகு வந்த முப்பது ஆண்டுகளில் அது எட்டுக் கட்டங்கள் கொண்ட, கட்டுப்பாடான ஒரு சிகிச்சையாக வளர்ந்தது. அந்த எட்டில் கண் அசைவு வருவது நான்காவது கட்டத்தில்தான். அதற்கு முன்னால் நோயாளியின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிந்து, எந்த நினைவிலிருந்து தொடங்குவது என்று திட்டமிட வேண்டும். பதற்றம் பொங்கும்போது தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள அவருக்குக் கற்றுத்தர வேண்டும். அது முடியாதவரை நினைவைத் தொடவே கூடாது. அந்தக் காட்சி, அதோடு ஒட்டியிருக்கும் தன்னைப் பற்றிய எண்ணம், அதற்கு மாற்றாக எதை நம்ப விரும்புகிறார், துயரம் 0 முதல் 10 வரையிலான அளவில் எவ்வளவு, உடம்பில் எங்கே உறைகிறது ஆகியவற்றையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் மேலே சொன்ன ஓட்டுநருக்கு அந்தக் காட்சி செருப்பும் முகமும். எண்ணம் ‘நான்தான் கொன்றேன்’. துயர அளவு 9. இடம் வலது தோளும் நெஞ்சுக்குழியும். அவருக்கு நேர் எதிரே அமராமல், அவர் பார்வைக்குச் சற்றுப் பக்கவாட்டில் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரல்களை அவர் முகத்திலிருந்து ஒரு முழத் தொலைவில் இடமும் வலமுமாக நகர்த்தினேன். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அவர் அதைப் பின்தொடர வேண்டும். அதே நேரத்தில் அந்தக் காட்சியையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அரை நிமிடம் போல ஒரு சுற்று. பிறகு மூச்சை இழுத்து விடச் சொல்லி, “இப்போது என்ன வருகிறது?” என்று மட்டுமே கேட்க வேண்டும். விளக்கச் சொல்லக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. முதல் சுற்றுகளில் அவர் வியர்த்தார். “ஹார்ன் சத்தம் கேக்குது” என்றார். சில சுற்றுகள் கழித்து, “முகம் சரியா தெரியலை, செருப்பு மட்டும் தெரியுது” என்றார். நெடுநேரம் கழித்து, ஒரு சுற்றின் முடிவில் தம் வலது கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டு, “கை பிரேக்ல இருக்கு. நான் போட்டுட்டேன். பார்த்த உடனே போட்டுட்டேன்” என்றார். பிறகு சொன்னார்: “அந்த வேகத்துல வண்டி நிக்காதுன்னு எனக்கு இருபது வருஷமா தெரியும். இன்னைக்குத்தான் அது உள்ளே இறங்குச்சு.”

அவரிடம் அந்த நினைவு அழிந்துவிடவில்லை. அந்த முகத்தை இன்றும் அவர் நினைவுகூர்வார், இறந்தவருக்காக வருந்துவார். கம்பத்தைக் கடக்கும்போது கை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறக்கடிப்பது இந்தச் சிகிச்சையின் நோக்கமன்று. இன்றைக்கு நடப்பதுபோல் வந்து தாக்கும் ஒன்றை, நடந்து முடிந்த ஒன்றாக நினைக்க முடிவதே இதன் பயன். அந்த அமர்வு ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அதன் முடிவில் துயர அளவு 4. அடுத்த சில வாரங்களில் அது 1-க்கு வந்தது. இடையில் இரண்டு இரவுகள் அவருக்குக் கடுமையான கனவுகள் வந்தன. இவ்வாறு நேரக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் அஞ்சவில்லை. எல்லாருக்கும் இவ்வளவு நேராக இது நடந்துவிடுவதுமில்லை; சிறுவயதிலிருந்தே அடுக்கடுக்கான காயங்களைச் சுமந்து வருகிறவர்களுக்கு மாதக் கணக்காகவும் ஆகும்.

கண்ணை அசைப்பதற்கும் நினைவு தணிவதற்கும் என்ன தொடர்பு என்று தங்கள் மருத்துவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இன்றைக்கு அதிக ஆதரவு பெற்ற விளக்கம் செயல்பாட்டு நினைவைப் பற்றியது. ஒரு நேரத்தில் மனம் கையாளக்கூடியது மிகக் குறைவு. ஒற்றை அடுப்பில் இரண்டு பாத்திரங்களை ஏற்றினால் இரண்டுமே முழுச் சூடு பெறாததுபோல, கண்ணால் விரலைப் பின்தொடர்ந்துகொண்டே காட்சியையும் பிடித்துவைக்க முயலும்போது காட்சியின் கூர்மையும் வேகமும் குறைகின்றன. குறைந்த நிலையிலேயே அது மீண்டும் நினைவில் பதிகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வான் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹார்ட் ஆகியோர் இதைப் பல சோதனைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மனத்தின் கவனத்தைப் போதிய அளவு இழுக்கும் வேறு வேலைகளும் இதே பலனைத் தருகின்றன என்பதையும் அவ்வகை ஆய்வுகள் காட்டுகின்றன. கனவுறக்கத்தின்போது நிகழும் கண் அசைவோடு இதை இணைத்துப் பேசும் விளக்கமும் உண்டு. கண் அசைவு தேவையா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கண் அசைவால் கூடுதல் பலன் இல்லை என்றது; 2013-இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, கூடுதல் பலன் உண்டு என்றது. என் கருத்தில், விரல் அசைவைப் பெரிதுபடுத்துவதும் அதை வைத்தே மொத்தத்தையும் நிராகரிப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். காயத்தை நேரே பார்க்க உதவும் பாதுகாப்பான சூழலும், முறையான ஆயத்தமும், பயின்ற ஒருவரின் துணையும் சேர்ந்ததே இந்தச் சிகிச்சை. எதனால் என்ற வாதம் தொடர்ந்தாலும், நோயாளிகள் குணமடைகிறார்கள் என்பதில் இன்று பெரிய வாதம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், பி.டி.எஸ்.டி. உள்ள பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் இ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல், போர் சாராத அதிர்ச்சிக்குப் பிறகு மூன்று மாதங்களுக்கு மேலாகியும் நோய் நீடிக்கும் பெரியவர்களுக்கு இதைத் தரலாம் என்றது. ஆனால் தங்கள் கவனத்துக்கு நான் முதன்மையாகக் கொண்டுவர விரும்புவது சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடந்த ஓர் ஆய்வை. காரணம், அதில் பங்கேற்றவர்கள் பொதுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள்: வண்டியின் முன் மனிதர் விழுந்து அடிபட்டதைக் கண்டவர்களும், பணியில் தாக்கப்பட்டவர்களும். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், நாட்பட்ட பி.டி.எஸ்.டி. இருந்த 24 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஐந்து அமர்வுகள் மட்டும் தந்தார்கள். முடிவில் சிகிச்சை பெற்றவர்களுள் 67 விழுக்காட்டினருக்கு நோய்க்கான வரையறை பொருந்தவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுள் அது 11 விழுக்காடு. 35 மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. சிறிய ஆய்வுதான், இதை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆயினும் இதே வேலையைச் செய்யும் மனிதர்களிடம், இதே காயத்துக்கு, ஐந்து அமர்வுகளில் கிடைத்த பலன் அது.

பி.டி.எஸ்.டி.-க்கு இது ஒன்றே மருந்து என்று நான் சொல்லவில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இதற்கு ஏறத்தாழ இணையான பலன் தருகிறது. அப்படியிருந்தும் ஓட்டுநர்களுக்கு இதை முன்மொழிவதற்கு அவர்களுடைய வேலையின் இயல்பே காரணம். உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் மாத்திரைகளில் பல, விழிப்பையும் வினைவேகத்தையும் மங்கச் செய்பவை. அவற்றை உட்கொண்டு என்ஜினில் ஏறுவது ஓட்டுநருக்கும் ஆபத்து, பின்னால் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் ஆபத்து. இது மாத்திரை இல்லாத முறை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நாள்தோறும் செய்ய வேண்டிய வீட்டுப் பயிற்சிகள் உண்டு. இன்று இரவு இரண்டு மணிக்கு சைன் ஆன் என்னும் பணியேற்பு, நாளை வெளியூர் ரன்னிங் ரூம் என்று ஓடுகிறவரால் அதைக் கடைப்பிடிக்க முடிவதில்லை. இ.எம்.டி.ஆரில் அவ்வாறான நீண்ட பயிற்சிகள் இல்லை. நடந்ததை முழுக்க விவரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பேச்சு வராத ஆண்கள் நிறைந்த ஒரு தொழிலில் இது சிறிய விஷயமன்று.

ஓட்டுநர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, “கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா?” என்பதே. ஏ-1 மருத்துவத் தகுதியின் பார்வைச் சோதனையில் தேறுவதே அவர்களுடைய பிழைப்பு என்பதால் அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. விரலைப் பின்தொடர்வதால் பார்வைத் திறன் குறைவதில்லை. கண்ணில் வலியோ நோயோ உள்ளவர்களுக்கு, கண் அசைவுக்கு மாற்றாகக் கைகளில் மாறி மாறித் தட்டுவதும், இரு காதுகளிலும் மாறி மாறி ஒலி எழுப்புவதும் வழக்கத்தில் உள்ளன. இது மனோவசியமும் அன்று. நோயாளி முழு விழிப்போடு இருக்கிறார், எந்த நொடியிலும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லலாம். வலிப்பு நோய் உள்ளவர்களிடமும், பதற்றத்தில் தன்னிலை மறந்துபோகிறவர்களிடமும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்; அதனால்தான் முதல் கட்டங்களைத் தாவிச் செல்லக் கூடாது என்கிறோம்.

சிகிச்சை கிடைத்தாலும் ஓட்டுநர்கள் அதை நாடி வருவார்களா என்பது வேறு கேள்வி; எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுவே. மனநோய் என்று ஏட்டில் ஏறிவிட்டால் மருத்துவத் தகுதி இறக்கப்படும், டீகேட்டகரைஸ் ஆகி என்ஜின் வேலையை இழந்துவிடுவோம், ஓட்டும் தூரத்துக்கேற்பக் கிடைக்கும் கிலோமீட்டர் அலவன்ஸ் போய்விடும், பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் என்னாவது என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. 45 வயது வரை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 55 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவச் சோதனையில், தூக்கமில்லை என்று சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதே லாபம் என்று ஒருவர் கணக்கிட்டால், அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அப்படி மறைக்கப்படும் நோய் நீங்குவதில்லை. என்ஜினிலேயே பயணம் செய்கிறது. மறைக்கத் தூண்டும் விதியைவிட, வெளியே சொல்லத் தூண்டும் விதிதான் பயணிகளின் பாதுகாப்புக்கு உகந்தது.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, பணியில் நேர்ந்த மரணத்தைக் கண்டதால் ஏற்பட்ட மனக்காயத்தை, பணியில் ஏற்பட்ட உடற்காயத்துக்கு ஒப்பாக, ஹர்ட் ஆன் டியூட்டி என்ற வகையில் கருதும்படி வழிவகுப்பது. ரயில்வே வாரியத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால் அதைக் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சைக் காலத்தில் என்ஜினில் ஏற முடியாதவருக்கு வேறு பணி தரப்படும்போது, வண்டி ஓட்டாத நிலைப்பணியில் அமர்த்தப்படும் ஓட்டுநர்களுக்கு உள்ளதுபோல் கிலோமீட்டர் படிக்கு ஈடான படியை வழங்குங்கள். அது தற்காலிகமானது என்றும், குணமானதும் தம் பழைய லிங்க்குக்கே, அதாவது பணிச்சுற்றுக்கே, அவர் திரும்புவார் என்றும் எழுத்தில் தாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, மனநல விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. அமர்வில் பேசப்பட்டவை நிர்வாகத்துக்கும் மேற்பார்வையாளருக்கும் போகக் கூடாது. ‘வண்டி ஓட்டத் தகுதி உண்டு’, ‘இப்போதைக்கு இல்லை’ என்ற ஒற்றை வரி மட்டுமே போக வேண்டும். அந்த ஒற்றை வரியை மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உறக்கமின்றித் தவிக்கும் ஒருவரை வண்டி ஓட்ட அனுமதிப்பதை எந்த மருத்துவ உளவியலாளரும் ஆதரிக்க மாட்டார்.

லிங்க் போடும் அலுவலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. நினைவைக் கிளறும் ஓர் அமர்வுக்குப் பிறகு இரவில் உறக்கம் கலையக்கூடும். ஆகவே அமர்வு நாளன்றும் மறுநாளும் அவரை வண்டிக்கு அழைக்கக் கூடாது. வாரம் ஒருநாள் என்று ஐந்து முதல் பன்னிரண்டு அமர்வுகளுக்கு, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் குறுக்கீடு இல்லாத ஓர் அறை வேண்டும். புறநோயாளிப் பிரிவின் வரிசையில், அடுத்தவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, செய்யக்கூடிய சிகிச்சை அன்று இது.

நிகழ்வு நடந்த உடனே என்ன செய்வது என்பதில் ஆர்வக்கோளாறு கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றே ஓட்டுநரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனமும் நைஸ் அமைப்பும் பரிந்துரைக்கவில்லை. முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்கென்று பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைத் தருவதும் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த நேரத்தில் அவருக்குத் தேவை, வண்டியை வேறொருவர் எடுத்துச் செல்வது, வீட்டுக்குத் தனியாக அனுப்பாமல் ஒருவர் கூடப் போவது, ‘உங்கள்மீது தவறில்லை’ என்று அதிகாரி ஒருவர் வாய்திறந்து சொல்வது, அடுத்த சில வாரங்களில் எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரு தாள். இரவில் தவிப்பு மிகுந்தால் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணை அழைக்கலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஒரு மாதம் கழிந்ததும், பிறகு மூன்றாம் மாதத்திலும், ஐந்து கேள்விகள் கொண்ட எளிய முதற்கட்டச் சோதனையை நடத்தி, தேவையானவர்களை மட்டும் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒவ்வொரு ஓட்டுநரும் ஒரு லோகோ இன்ஸ்பெக்டரின் பொறுப்பில் இருக்கிறார். ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ஒரே இடத்தில் ஹார்ன் அடிப்பதையும் வேகத்தைக் குறைப்பதையும் முதலில் அறியக்கூடியவர் அவரே. அதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குறையாக எழுதாமல் நலம் விசாரிக்கக் கற்றுத்தர, அவர்களுக்கு அரை நாள் வகுப்பு போதும்.

சிகிச்சை தருகிறவர்களின் பயிற்சியில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இ.எம்.டி.ஆர். பன்னாட்டுச் சங்கத்தின் அடிப்படைப் பயிற்சி 20 மணி நேரப் பாடமும், 20 மணி நேர மேற்பார்வையுடன் கூடிய செய்முறையும், அதன் பிறகு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே 10 மணி நேரக் கலந்தாய்வும் கொண்டது. அதுவும் ஏற்கெனவே மனநலத் துறையில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே. ஒருநாள் பட்டறைக்குப் போய்வந்தவர்களும், காணொளி பார்த்துக் கற்றவர்களும், செல்பேசித் திரையில் ஓடும் ஒளிப்புள்ளியைக் காட்டி ‘மனக்காயம் நீங்கும்’ என்று விளம்பரம் செய்கிறவர்களும் இன்று இருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டு மூடத் தெரியாதவர்களின் கையில் இச்சிகிச்சை தீங்காகவே முடியும். அப்படித் திறந்துவிடப்பட்டு, முன்னைவிட மோசமான நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குஜராத் நிலநடுக்கத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இங்கு வந்து கற்றுத்தர வேண்டியிருந்தது. இன்று இந்தியாவிலேயே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பெரம்பூர் தலைமை மருத்துவமனையிலும், பொன்மலை, மதுரை, பாலக்காடு உள்ளிட்ட கோட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவமனைக்கு இருவர் வீதம் முழுப் பயிற்சி பெற்றால், பெரும் செலவின்றி இதைத் தொடங்கிவிடலாம். ஒருவர் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அந்த மொழியிலேயே இச்சிகிச்சை நடக்க வேண்டும். வடமாநிலங்களிலிருந்து வந்து இங்கே பணிபுரியும் இளம் உதவி லோகோ பைலட்டுகளுக்கு இந்தியிலும், பாலக்காடு, திருவனந்தபுரம் கோட்டத்தாருக்கு மலையாளத்திலும் அது கிடைக்கும்படி ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஓட்டுநர்களைப் பற்றியே இதுவரை பேசினாலும், உடலைத் தேடி எடுத்து ஓரமாகக் கிடத்தும் தண்டவாளப் பராமரிப்பாளர்களான டிராக்மேன்களையும், இறங்கிப் போய்ப் பார்க்கும், முன்பு கார்டுகள் எனப்பட்ட ரயில் மேலாளர்களையும், விசாரணைக்கு வரும் ரயில்வே காவலர்களையும் இத்திட்டத்திலிருந்து விட்டுவிட வேண்டாம். டிராக்மேன்கள் பார்ப்பது ஓட்டுநர்கள் பார்ப்பதைவிடக் கொடியது. அவர்களுக்காகக் கேட்பவர்களோ அதனினும் குறைவு.

முதல் படியாக ஒரே ஒரு கோட்டத்தில், ஓராண்டுக்கு, இதைச் செய்து பாருங்கள். எத்தனை பேருக்கு முதற்கட்டச் சோதனை நடந்தது, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேர் என்ஜினுக்குத் திரும்பினார்கள், எத்தனை பேருக்குப் பலன் இல்லை என்ற நான்கையும் பெயர்களின்றி வெளியிடுங்கள். திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், பயிற்சியின் மேற்பார்வைக்கும், முதற்கட்டச் சோதனைத் தாளையும் ஓட்டுநர்களுக்கான விளக்கத் தாளையும் எளிய தமிழில் எழுதித் தருவதற்கும், ஊதியமின்றி உடன் நிற்க நான் அணியமாக இருக்கிறேன். ஓட்டுநர் சங்கங்களின் பிரதிநிதிகளையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை அவர்கள் நேரில் கேட்டு, கேள்வி கேட்டு, திருத்தங்கள் சொன்ன பிறகு தொடங்கினால்தான் முதல் நோயாளி அந்த அறைக்குள் நுழைவார். தங்கள் பதிலையும், அத்தகைய கூட்டத்துக்கு ஒரு நாளையும் எதிர்நோக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி